இரவில் சுடும் சுவர்

சித்திரை மாதத்தில் வேலூரிலோ வாணியம்பாடியிலோ மேற்குப் பார்த்த அறையில் படுத்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதல்ல. வெயில் ஆறரைக்கே இறங்கிவிடும். ஒன்பது மணிக்குச் சாப்பிட்டு முடித்து, ஃபேனைப் போட்டு, பாயை விரித்துத் தலைசாய்த்தால் அப்போதுதான் சுவர் அனலடிக்கத் தொடங்கும். உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் இறக்கி வைத்த இட்லிப் பானையைத் தொட்ட மாதிரி இருக்கும். வெளிப்பக்கம் குளிர்ந்து கிடக்க, உள்பக்கம் சுடும். பிற்பகல் மூன்று மணி வெயில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்குள் மெல்ல ஊர்ந்து அறைக்குள் வந்து சேர ஆறேழு மணி நேரம் பிடிக்கிறது. கட்டிய மேஸ்திரியைத் திட்டிவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போவோம்.

அதே வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர். மார்கழி, தை இரவுகளில் அங்கே ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் இல்லாமல் வெளியே நிற்க முடியாது. வானியலாளர் வைணு பாப்பு 1960களின் இறுதியில் இந்தச் சந்தனக் காட்டுக்குள் வானாய்வு நிலையத்துக்கு இடம் பிடித்ததற்கு இருண்ட, தெளிந்த வானம் காரணம். அந்தத் தெளிந்த வானம்தான் குளிருக்கும் காரணம். மேகப் போர்வை இல்லாத இரவில் நிலம் தன் சூட்டையெல்லாம் மேலே விட்டுவிடுகிறது. இதில் தொலைநோக்கிக்காரர்கள் பாடு தனி. கூண்டுக்குள் ஹீட்டர் போடக் கூடாது. சூடான காற்று மேலெழுந்தால் விண்மீனின் பிம்பம் கானல் நீர் போல நடுங்கும். பகலில் சூடான கான்கிரீட் இரவில் வெப்பம் விடுவதும் அவர்களுக்கு ஆகாது. கீழே வேலூர்க்காரர் திட்டும் அதே சுவரை, மேலே வானியலாளரும் திட்டுகிறார்.

அந்தச் சுவரை வேண்டும் என்றே கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது எப்படிப் பிறந்தது என்பதுதான் கதை.

கதைக்கு முன்னால் ஒரு கணக்கு. மலையில் பிறந்து வளர்ந்த ஆசிரிய நண்பர் ஒருவர், மின்கம்பத்துக்கு வெகுதூரம் தள்ளியிருக்கும் தன் பழைய வீட்டைப் பிரித்துக் கட்டப்போவதாகச் சொன்னார். “கரண்டுக்குச் சோலார் போட்டுடலாம். குளிருக்கும் அதுலயே ஒரு ஹீட்டர் மாட்டிக்கலாம் இல்லையா?” என்றார். நம்மில் பெரும்பாலோர் நினைப்பதும் அப்படித்தான். கடையில் கிடைக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் இன்வெர்ட்டர் பேட்டரி முழுதாக நிரம்பியிருந்தால் அதில் இருப்பது 1.8 யூனிட். சாதாரண அறை ஹீட்டர் 2,000 வாட். ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. பொழுது விடிய இன்னும் பத்து மணி நேரம் இருக்கும்.

இப்போது ஓரடி தடிமன் உள்ள மண்சுவரில் ஒரே ஒரு சதுர மீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். எடை ஏறக்குறைய அரை டன். அது பதினைந்து டிகிரி சூடேறினால் அதற்குள் சேரும் வெப்பம் சுமார் இரண்டு யூனிட். அதாவது ஒரு சதுர மீட்டர் மண் ஒரு பேட்டரிக்குச் சமம், அதுவும் ஐந்தாறு வருடத்தில் மாற்ற வேண்டியில்லாத பேட்டரி. அதை வைத்துப் பல்பு எரிக்க முடியாது, செல்போன் சார்ஜ் போட முடியாது என்பதெல்லாம் உண்மை. ஆனால் குளிர்நாட்டு வீடு கேட்கும் ஆற்றலில் பெரும்பங்கு வெப்பம்தான். அதற்கு மின்சாரமே தேவையில்லை.

இந்தச் சங்கதியின் முதல் முனை ஆல்ப்ஸ் மலையில் இருக்கிறது. ஜெனீவாவைச் சேர்ந்த ஒராஸ் பெனடிக்ட் தெ சொசூர் 1767இல் கண்ணாடிப் பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கி வெயிலில் வைத்துப் பார்த்தார். பிறகு உள்ளே கறுப்பு பூசி, மேலே மூன்று கண்ணாடி போட்ட மரப்பெட்டி செய்தார். உள்ளே தண்ணீர் கொதிக்கும் அளவைத் தாண்டிச் சூடேறியது. அவர் மலையேறியும்கூட. ஆகவே பெட்டியை ஓர் உச்சிக்குத் தூக்கிப்போனார். வெளியே பல் கிட்டும் குளிர். பெட்டிக்குள் ஏறிய சூடோ அடிவாரத்தில் ஏறியதற்குக் கிட்டத்தட்டச் சமம். வெளிக்காற்று எவ்வளவு குளிர்ந்திருந்தாலும் வெயிலின் பலம் குறைவதில்லை என்பது கண்ணெதிரே தெரிந்தது. குளிர்நாட்டில் சூரிய வீடு கட்டலாம் என்பதற்கான அத்தாட்சி அந்தப் பெட்டிதான். சொசூருக்கு வீடு கட்டும் எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை.

வீட்டுக்குள் அதைக் கொண்டுவந்தவர் ஒரு விலங்கியலாளர். அமெரிக்காவின் சேலம் நகரத்து எட்வர்ட் மோர்ஸ். (மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம். நம் சேலத்துக்காரர்கள் ஏமாற வேண்டாம்.) சிப்பி போல ஓடுள்ள பிராக்கியோபாடு என்ற கடலுயிரிகளைத் தேடி ஜப்பான் போய், 1877இல் டோக்கியோ அருகே ஓமோரியில் பழங்காலச் சிப்பி மேட்டைக் கண்டுபிடித்தவர். ஊர் திரும்பியபின், ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கிய கருநிறத் திரைச்சீலை வெயிலில் சுடுவதையும், அதற்கும் கண்ணாடிக்கும் இடையிலிருந்து சூடான காற்று மேலெழுவதையும் கவனித்தார். எல்லார் வீட்டிலும் நடப்பதுதான், கவனித்தவர் அவர். தெற்குச் சுவரின் வெளிப்புறம் கறுப்புக் கற்பலகை, அதன் முன் கண்ணாடி, நடுவில் சிறு இடைவெளி, சுவரின் அடியிலும் தலையிலும் காற்றுத் துளை என்று ஓர் அமைப்பைச் செய்தார். அறையின் குளிர்ந்த காற்று அடித் துளை வழியாக இடைவெளிக்குள் போய், சூடேறி, மேல் துளை வழியாகத் திரும்பிவரும். விசிறியோ, விறகோ, ஆளோ வேண்டாம். 1881இல் காப்புரிமையும் வாங்கினார். ஓரிரு கட்டடங்களில் மாட்டியும் பார்த்தார்கள். அப்புறம் ஏறக்குறைய மறந்துபோனார்கள். நிலக்கரி மலிவாகக் கிடைத்த காலத்தில் கறுப்புச் சுவருக்கு யார் அலைவார்கள்?

மோர்ஸின் அமைப்பில் ஒரு குறை இருந்தது. மெல்லிய கற்பலகை வெயில் இருக்கும்வரை சுடும், வெயில் போனதும் ஆறிவிடும். குளிருக்கு மனிதன் நடுங்குவது இரவில். பலகை இருந்த இடத்தில் கனத்த சுவரை வைக்க இன்னும் எண்பத்தாறு வருடம் ஆயிற்று. பிரான்ஸின் பைரனீஸ் மலையில், ஓதெய்யோ என்ற சிற்றூரில், ஃபெலிக்ஸ் ட்ரோம்ப் என்ற விஞ்ஞானியும் ஜாக் மிஷெல் என்ற கட்டடக் கலைஞரும் 1967இல் அதைச் செய்தார்கள். ட்ரோம்ப் அதே ஊரில் கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து உலோகம் உருக்கும் சூரிய உலை கட்டியவர். ஆயிரக்கணக்கான டிகிரியோடு விளையாடிய மனிதர், பக்கத்திலேயே இருபது டிகிரி போதும் என்கிற வீட்டைக் கட்டினார். இரண்டடி தடிமனுள்ள கான்கிரீட் சுவர், வெளிமுகம் கறுப்பு, முன்னால் இரட்டைக் கண்ணாடி, மோர்ஸின் அதே துளைகள். பகலில் துளை வழியாகச் சூடான காற்று வரும். இரவில், உள்ளே ஊர்ந்துகொண்டிருந்த வெப்பம் சுவரின் மறுபக்கம் வந்து சேரும். வேலூர்ச் சுவர் செய்வதைத்தான் இதுவும் செய்கிறது, விரும்பிச் செய்யவைத்தார்கள் என்பது மட்டும் வித்தியாசம். உலகம் அதற்கு ட்ரோம்ப் சுவர் என்று பெயர் வைத்துவிட்டது. மோர்ஸுக்குக் கொஞ்சம் அநியாயம்தான்.

இந்தச் சுவருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. இரவில் துளைகளை மூட மறந்தால் எல்லாம் தலைகீழாகும். கண்ணாடி குளிர்ந்து, இடைவெளிக் காற்றும் குளிர்ந்து கனத்து, அடித் துளை வழியாக அறைக்குள் இறங்கும். மேல் துளை அறையின் சூட்டை உறிஞ்சும். வீட்டைச் சூடாக்கக் கட்டிய சுவரே வீட்டைக் குளிராக்கும். தடுக்க ஐ.ஐ.டி. படிப்பு வேண்டாம். துளையில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றை ஒருபக்கம் மட்டும் திறக்கும்படி ஒட்டித் தொங்கவிட்டால் போதும், காற்று திரும்பும்போது தானாகவே அப்பிக்கொள்ளும்.

சுவர் இந்தியாவுக்குள் வந்தது லடாக் வழியாக. 1975இல் லடாக்குக்கு வந்த ஹெலனா நார்பெர்க்-ஹாட்ஜ் என்ற மொழியியலாளர் தொடங்கிய லடாக் திட்டம், 1970களின் இறுதியில் லே பக்கத்து வீடுகளில் ட்ரோம்ப் சுவரைக் கட்டிக்காட்டத் தொடங்கியது. 1983இல் உருவான லடாக் சூழலியல் வளர்ச்சிக் குழு அதைத் தொடர்ந்தது. லடாக்கைப் போல இந்தச் சுவருக்குத் தோதான ஊர் கிடைப்பது அரிது. கடல்மட்டத்திலிருந்து 3,500 மீட்டர் உயரம், மழை மிகக் குறைவு, வருடத்தில் முன்னூறு நாளுக்குக் குறையாமல் வெயில். விறகுக்குக் காடு கிடையாது. குளிர்காலத்தில் சாண வறட்டியும் கிடைத்த சுள்ளியும் புகாரி அடுப்பில் எரியும். குடும்பம் முழுவதும் அடுப்பு இருக்கும் ஒரே அறையில் புகையோடு ஒண்டிக்கிடக்கும். இவ்வளவுக்கும் வீடு கட்டும் பொருள் கையிலேயே இருந்தது. வெயிலில் காயவைத்த மண்கல், நெட்டிலிங்கம் போல நெட்டையாய் வளரும் பாப்லார் மர உத்தரம், மேலே பரப்ப வில்லோக் குச்சி. கண்ணாடியும் கறுப்புப் பெயிண்டும்தான் வெளியிலிருந்து வந்தன.

வானத்து வடிவியலும் லேவுக்குச் சாதகம். 34 டிகிரி வடக்கே இருப்பதால், மார்கழி நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து முப்பத்திரண்டு டிகிரி சொச்சம்தான் ஏறுகிறது. தாழ்ந்து வரும் அந்த வெயில் தெற்குச் சுவரில் நெஞ்சுக்கு நேராக அறைகிறது. ஆனி மாதத்தில் அதே சூரியன் எழுபத்தொன்பது டிகிரி உயரத்துக்குப் போய்விடும். கூரையைக் கொஞ்சம் வெளியே நீட்டிவிட்டால் சுவர் நிழலுக்குள் வந்துவிடும். எப்போது சூடு வேண்டும், எப்போது வேண்டாம் என்பதைக் கூரை விளிம்பே பார்த்துக்கொள்ளும்.

இதையே பள்ளிக்கூடமாகக் கட்டியவர் சோனம் வாங்சுக். 1966இல் பிறந்த லடாக்கியர், ஸ்ரீநகரில் இன்ஜினியரிங் படித்தவர், 1988இல் நண்பர்களோடு செக்மோல் என்ற கல்வி இயக்கத்தைத் தொடங்கியவர். அவரைத் தமிழர்கள் ஏற்கெனவே ஒருவிதத்தில் சந்தித்திருக்கிறார்கள். ‘த்ரீ இடியட்ஸ்’ நாயகனுக்கு அவர்தான் தூண்டுதல் என்பார்கள். அது 2012இல் ‘நண்பன்’ ஆகி, விஜய் கொசக்சி பசபுகழ் ஆனபோது, கதை லடாக்கை விட்டுத் தனுஷ்கோடிக்கு வந்துவிட்டது. குளிரை நாம் இழந்தோம். கூடவே சுவரையும்.

லேவுக்கு அருகே, சிந்து நதிக் கரையில், ஃபே கிராமத்தில் இருக்கிறது செக்மோல் வளாகம். தேர்வில் தோற்ற பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இடம், அவர்களும் சேர்ந்து கட்டிய இடம். மண்ணை அடித்து இறுக்கிய கனத்த சுவர்கள். எல்லாக் கட்டடமும் தெற்குப் பார்த்தவை. வடபக்கம் மண்மேட்டில் முதுகைச் சாய்த்துக்கொள்ளும், அந்தப் பக்கம் ஜன்னல் அதிகம் கிடையாது. எனக்கு மிகவும் பிடித்தது அங்கே ட்ரோம்ப் சுவருக்குப் பதிலாக வந்த ஏற்பாடு. குளிர்காலம் தொடங்கும்போது கட்டடத்தின் தெற்கு முகத்தில் பிளாஸ்டிக் தாளைத் தொங்கவிட்டுப் பசுமைக்குடில் ஆக்குகிறார்கள். அதற்குள் கீரை வளரும், அந்தச் சூடு வகுப்பறைக்குள் வரும். வசந்தம் வந்ததும் தாளைச் சுருட்டிவிடுவார்கள். கண்ணாடி விலையும் இல்லை, கோடையில் அவியும் தொல்லையும் இல்லை. நம் ஊரில் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டுப் பிரிப்பது போல, குளிருக்கு ஒரு பந்தல். இந்த மண் கட்டடத்துக்கு 2016இல் பிரான்ஸின் லியோன் நகரில் மண் கட்டடங்களுக்கான சர்வதேச டெர்ரா விருது கிடைத்தது.

2021 பிப்ரவரியில் கல்வான் பள்ளத்தாக்கில் இருக்கும் ராணுவத்துக்காக வாங்சுக் ஒரு சூரியக் கூடாரத்தைக் காட்டினார். பத்துப் பேர் படுக்கலாம், பிரித்துத் தூக்கிச் செல்லலாம். முந்தைய இரவு வெளியே குறைந்தபட்சம் மைனஸ் 14 டிகிரி, கூடாரத்துக்குள் இரவு பத்து மணிக்கு 15 டிகிரி என்று அவர் தெரிவித்தார். மண்ணெண்ணெய் ஒரு சொட்டு இல்லை. மண்சுவரைக் கூடாரமாக மடிக்க முடியும் என்று 1967இல் ட்ரோம்ப்பிடம் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பாரா என்று தெரியவில்லை.

ஜவ்வாது மலைக்கும் லடாக்குக்கும் ஒரு நேரடி உறவும் உண்டு. காவலூரை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனமே லடாக்கின் ஹன்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில், இன்னொரு வானாய்வு நிலையத்தை வைத்திருக்கிறது. அங்குள்ள இரண்டு மீட்டர் சந்திரா தொலைநோக்கி 2000 செப்டம்பரில் முதல் ஒளியைக் கண்டது. அதற்கு மின்சாரம் முதன்மையாகச் சோலார் பேனலிலிருந்து வந்தது, டீசல் ஜெனரேட்டர் துணைக்கு. காவலூரில் ஸ்வெட்டர் போட்டுச் சமாளித்தவர்கள் ஹன்லேக்கு வேறு வழி கண்டார்கள். செயற்கைக்கோள் இணைப்பு வைத்து, பெங்களூர் பக்கத்து ஹொசகோட்டேயில் உட்கார்ந்தபடி அந்தத் தொலைநோக்கியை இயக்குகிறார்கள். தொலைநோக்கிக்குக் குளிர் வேண்டும், மனிதனுக்குச் சூடு வேண்டும். இருவரையும் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பிரித்து வைத்ததும் ஒருவகை ஆற்றல் சிக்கனம்தான்!

சோலார் பேனலுக்குக் குளிர் நல்லது. நம்மில் பலர் தலைகீழாக நினைக்கிறார்கள். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அதற்கு எதிரி. தகட்டின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் உற்பத்தி அரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். வேலூர் மொட்டைமாடியில் அறுபது டிகிரியில் வேகும் பேனலைவிட, அதே வெயிலில் ஜவ்வாது மலையின் குளிர்காற்றில் இருக்கும் பேனல் கூடுதலாகத் தரும். பேட்டரி கதை வேறு. உறைநிலைக்குப் போனால் ஈய-அமில பேட்டரியின் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், இன்னும் கீழே போனால் பாதியும் போகும். லித்தியம் பேட்டரிகளைப் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்யவே கூடாது. ஆகவே லடாக்கில் பேட்டரியைச் சூடான சுவருக்குள் படுக்கவைக்க வேண்டியிருக்கிறது, வீட்டில் இன்னொரு பிள்ளையைப் போல. வீடு முதலில் தன்னைத்தானே சூடாக்கிக்கொண்டால், விளக்குக்கும் பம்புக்கும் சின்னப் பேனலே போதும். முதலில் பேனல் வாங்கிவிட்டுப் பிறகு வீட்டை யோசிப்பவர் ஓட்டைக் குடத்துக்கு மோட்டார் போடுகிறார்.

தமிழ்நாட்டில் நாம் தொடங்கியது பேனலிலிருந்துதான். 2011இல் வந்த பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீட்டுக்கு ஐந்து சூரிய விளக்குகள் கொடுத்தார்கள். இருட்டில் இருந்த வீடுகளுக்கு அது பெரிய காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடலூருக்கும் ஜவ்வாதுக்கும் ஒரே வரைபடம், ஒரே கான்கிரீட் கூரை. மலைவாசிகளின் பழைய மண்சுவரும் புல்லுக்கூரையும் அதைவிடக் கதகதப்பானவை என்று எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வார். காரணம் எளிது. புல்லுக்குள் அடைபட்ட காற்று போர்வை போல. கான்கிரீட் பலகையோ தெளிந்த வானத்துக்கு நேரே சூட்டை விட்டுவிட்டு, விடிகாலையில் மேலேயிருந்து குளிரை ஊற்றும்.

ஆசிரிய நண்பருக்காக ஆலங்காயத்திலிருந்து ஒரு மேஸ்திரியை அழைத்துப்போனோம். வேலூரில் வீடு, வேலைக்காக மலையேறுபவர்.

“மேஸ்திரி, வீடு தெற்குப் பார்த்து இருக்கணும்.”

“தெற்கு ஆகாது சார். எமன் திசை. வேற யாராவது கேட்டா நான்தான் கட்டினேன்னு சொல்லிடாதீங்க.”

“வாசலை வேணும்னா கிழக்கே வச்சுக்கலாம். தெற்குச் சுவர் மட்டும் ஒன்றரை அடி தடிமனா, மண்கல்லுல. வெளியில கறுப்புப் பெயிண்ட், அதுக்கு முன்னால நாலு அங்குலம் தள்ளி கண்ணாடி.”

“கறுப்பா? குடியிருக்கிற வீட்டுக்கா? ரெண்டு வருஷம் கழிச்சு ஏதாவது ஒண்ணுன்னா என் தலையில போடுவீங்க.”

கறுப்பு இல்லையென்றால் கரும்பச்சை, காவி எதுவானாலும் சரி, வேலை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான் என்றேன். அடுத்த சந்தேகத்தை ஆசிரியர் கேட்டார். “சித்திரையில இந்தச் சுவர் எங்களை வேக வச்சிடாதா?” அதற்குப் பதில் ஜவ்வாது மலையின் இருப்பிடத்திலேயே இருக்கிறது. காவலூர் இருப்பது பன்னிரண்டரை டிகிரி வடக்கே. சித்திரை பத்து வாக்கில் நண்பகல் சூரியன் அதன் உச்சந்தலைக்கு நேரே வருகிறது. அன்றிலிருந்து ஆவணி முதல் வாரம் வரை, விடியலிலிருந்து அந்தி வரை, சூரியன் வடபக்கமாகவே போய்வரும். நான்கு மாதம் தெற்குச் சுவர்மேல் நேர் வெயில் ஒரு கீற்றுக்கூட விழாது. லேவுக்குக் கூரை விளிம்பு வேண்டியிருக்கிறது, நமக்கு அதுகூடத் தேவையில்லை. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து ஐம்பத்துநான்கு டிகிரியில் நிற்கும்போதுதான் சுவர் வேலைக்கு வரும். லேவில் கிடைக்கும் அளவு கிடைக்காது. இங்கே குளிரும் அந்த அளவு இல்லை.

மேஸ்திரி கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அப்ப எங்க வீட்டு மேற்குச் சுவரைப் பேத்து இங்க கொண்டாந்து தெற்கால நிறுத்தினா ஆச்சுன்னு சொல்லுங்க” என்றார்.

நாடாவை ஒரு முனையில் ஆசிரியரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மறுமுனையோடு பழைய வீட்டின் தெற்குப் பக்கம் நடந்தார். பதினான்கு அடி.